டர்னரும் அவர் விற்க மறுத்த கப்பல்களும்

சித்திரம் எழுதுகிறவன் ஒருவன். அதை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்து வைக்கிறவன் வேறொருவன். உலகில் எங்கும் இதுவே வழக்கமாக இருந்து வருகிறது. எழுதியவன் பெரும்பாலும் ஏழையாகவே கண்ணை மூடுகிறான். சேர்த்தவனுடைய பெயரோ கட்டடங்களின் வாயிலிற் கல்லில் வெட்டப்படுகிறது. இவ்வழக்கத்துக்கு முற்றும் மாறாக, தாம் எழுதிய சித்திரங்களைத் தாமே சேகரித்து, கைவிட்டுப் போனவற்றுட் சிலவற்றை ஏலத்திற் பணம் கொடுத்துத் தாமே மீட்டு, அனைத்தையும் ஒருசேரத் தம் தேசத்தாருக்கு எழுதி வைத்து மாண்டவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜோஸப் மல்லார்ட் வில்லியம் டர்னர் என்பது அவர் பெயர். 1775-ம் வருஷம் பிறந்து 1851-ம் வருஷம் காலஞ்சென்ற அவரைச் சித்திரக் கலையின் ரஸிகர்கள் யாவரும் அறிவர். நாம் அவரை இன்று எடுத்துக்கொள்வது வேறொரு காரணம் பற்றி. ஒரு தனி மனிதன் தன் ஆயுட்கால உழைப்பு முழுவதையும் பொதுஜனங்களிடம் ஒப்புவித்தால், பொதுஜனங்களின் பெயரால் அதை ஏற்றுக்கொள்கிறவர்கள் அதை எவ்வாறு பேணுகிறார்கள் என்ற கேள்விக்கு இவர் சரித்திரத்தைப் போல் விடை கூறுவது பிறிதொன்றில்லை.

லண்டன் மாநகரத்தில் காவென்ட் கார்டன் என்னும் சந்தைக்கு அண்மையில், மெய்டன் லேன் என்ற குறுகிய தெருவிலே க்ஷவரமும் பொய்ம்மயிர் முடித்தலுமாகிய தொழிலை நடத்திவந்த வில்லியம் டர்னர் என்பவரே இவருடைய தகப்பனார். தாயார் மேரி சித்தப்பிரமையுற்றவர்; 1800-ல் பெத்லெம் என்னும் பைத்திய ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பெற்று 1804-ல் இறந்தார். ஒரே தங்கையும் சிறு பிராயத்திலேயே மரணமடைந்தாள். வீட்டின் நிலை இவ்வாறிருந்தமையால் சிறுவன் சில காலம் மார்கேட் என்னும் கடற்கரையூரில் இருந்து வாசிக்க நேர்ந்தது. அவன் கடலை நெருங்கி அறிந்தது அங்கேதான். மகன் தீட்டிய படங்களைத் தகப்பனார் தம் கடைச் சன்னலில் தொங்கவிட்டு, ஒரு ஷில்லிங் முதல் மூன்று ஷில்லிங் வரையில் விலை கூறி விற்றார். பிற்காலத்தில் மகன் கீர்த்தி பெற்றபோது அந்தக் கிழவரே கத்தியையும் சீப்பையும் விட்டுவிட்டு, மகனுக்குச் சித்திரத் துணிகளை இழுத்துக் கட்டியும், முடிந்த படங்களுக்கு வார்னிஷ் பூசியும் 1829-ல் தாம் இறக்கும் வரையில் ஊழியம் செய்தார். தகப்பனுக்கும் மகனுக்கும் இருந்த இந்த ஒட்டுதலை நினையாமல் டர்னரின் குணத்தை அளந்தவர்கள் பலர். அவர்கள் அளந்தது தவறாகவே முடிந்தது.

பதினான்காம் வயதில், 1789-ல், டர்னர் ராயல் அகாடமிப் பாடசாலையிற் சேர்ந்தார். மறு வருஷமே அவருடைய நீர்வர்ணப் படமொன்று அகாடமியின் கண்காட்சியில் இடம் பெற்றது. 1796-ல் அங்கு வைத்த முதல் எண்ணெய்ச் சித்திரம், நிலவிலே கடலில் தத்தளிக்கும் செம்படவர்களைப் பற்றியது. 1802-ல், இருபத்தாறே வயதில், அகாடமியின் முழு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கு மேல் அவருடைய உத்தியோக உயர்வுகளை வரிசையாகக் கூறி நேயர்களின் பொறுமையைச் சோதிக்க நாம் விரும்பவில்லை.

அவர் நன்றாகச் சம்பாதித்தார். அதைவிட நன்றாகச் சேமித்தார். செப்புத் தகட்டில் அவர் படங்களை வெட்டிய தொழிலாளர்களோடு ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் பேரம் பேசினார். கந்தலான கோட்டுடனும் பழைய குடையுடனும் திரிந்தார். ஆகவே கருமி, உலோபி என்ற பட்டங்கள் அவருக்கு வந்து சேர்ந்தன. அவருடைய குறைகளை மறைப்பது நம் நோக்கமன்று. 1805-ல் ஜமெய்க்கா தீவில் அடிமைகளின் உழைப்பைக்கொண்டு நடத்த ஏற்படுத்திய ஒரு மாட்டுப் பண்ணைத் திட்டத்தில் அவர் நூறு பவுன் போட்டார் என்பது உண்மை. முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பின், 1840-ல், நோயாளிகளான அடிமைகளைக் கடலில் எறிந்துவிட்டுப் புயலுக்குமுன் ஓடும் கப்பலை எழுதி உலகத்தின் முன் வைத்தவரும் அவரே. முன்னதைப் பின்னது அழித்துவிட்டது என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. இரண்டும் ஒருவருடைய செயல்களே.

கருமி என்ற பட்டத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று ஆராய வேண்டும். கருமி பணத்தைப் பெறும் வழியை அடைப்பதுண்டோ? 1827-ல் டி டேபிளி பிரபுவின் சித்திரங்கள் ஏலத்துக்கு வந்தன. தாம் 1807-ல் கண்காட்சியில் வைத்ததும், பின்னர் அப்பிரபுவுக்கு விற்றதுமான படம் ஒன்று அவற்றுள் இருந்தது. மூடுபனியினூடே சூரியன் எழும்புவதையும், கரையில் மீனவர்கள் மீனைக் கழுவி விற்பதையும் காட்டும் படம் அது. அதை டர்னர் 490 கினி கொடுத்து மீண்டும் வாங்கினார். தம் கையால் எழுதிய படத்துக்கு அவ்வளவு தொகையைத் தாமே கொடுத்த மனிதரைப் பார்த்து ஏலக்கூடத்தினர் திகைத்திருப்பர். அதனுடைய காரணம் அவர் பெட்டியில் பூட்டியிருந்த உயில் வெளிவந்தபோதுதான் தெரிந்தது.

இனி நீராவிக் கப்பல்களின் விஷயத்துக்கு வருவோம்.

1815-ம் வருஷ முதல் லண்டனிலிருந்து தேம்ஸ் நதி வழியாக மார்கேட்டுக்கு நீராவிப் படகுகள் போய்வரத் தொடங்கின. இரு பக்கங்களிலும் சக்கரங்கள் சுழல, நெட்டையான குழாயிலிருந்து கரும்புகையைக் கக்கிக்கொண்டு அவை செல்வதைக் கண்ட சித்திரக்காரர்களிற் பெரும்பாலோர் முகத்தைச் சுளித்தனர். விரித்த பாயின் வளைவுக்கும் பாய்மரத்தின் கம்பீரத்துக்கும் இந்த அவலட்சணம் ஈடாகுமா என்பது அவர்கள் கருத்து. நீராவிக் கப்பலைப் படம் எழுதுவித்தவர்கள் இல்லாமற் போகவில்லை. அவர்கள் கப்பலின் சொந்தக்காரர்கள். தங்கள் கப்பலின் நீளம் உயரம், கயிறு கொடி எல்லாம் அளவு தப்பாமல் விளங்கவேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். அமெரிக்காவில் ஹட்ஸன் நதிப் படகுகளை எழுதிய ஜேம்ஸ் பார்டு என்பவரும், அவருக்குப் பின் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களை ஆயிரக்கணக்கிற் படமாக்கிய டென்மார்க் தேசத்தவராகிய அன்டோனியோ ஜேக்கப்ஸன் என்பவரும் இந்தத் தொழிலிற் பேர் பெற்றவர்கள். கப்பல்கள் உடைந்து இரும்பாகப் போன பிறகு அப்படங்களே அவற்றுக்குச் சாட்சியாக நின்றன. ஆகையால் இருபதாம் நூற்றாண்டிலே கண்காட்சிச் சாலைகளும் தனவந்தர்களும் அவற்றைத் தேடித்தேடிச் சேர்க்கலாயினர். அவற்றின் பயனை நாம் குறைவாக எண்ணவில்லை. ஆனால் டர்னர் செய்தது வேறு. அவருக்கு எந்தக் கப்பற் சொந்தக்காரரும் கூலி கொடுக்கவில்லை. அந்தப் புகையையும் கடலையும் வானத்தையும் ஒன்றாகப் பார்த்து, அதிலே தம் காலத்தின் கதி தெரிகிறதென்று அவர் கண்டுகொண்டார். தாமே அப்படகுகளில் ஏறி மார்கேட்டுக்குப் பலமுறை போய்வந்தவர் அவர். வெறுத்துப் பார்த்தவருமல்லர், விளம்பரத்துக்காகப் பார்த்தவருமல்லர்.

1831-ல் ஸ்காட்லாந்தில் பிரயாணம் செய்தபோது, மேற்குக் கடலிலுள்ள ஸ்டாபா என்ற பாறைத் தீவைக் காண நீராவிப் படகில் ஏறிச் சென்றார். மழையும் காற்றுமான நாள். அந்த அநுபவத்தை எழுதி 1832-ல் கண்காட்சியில் வைத்தார். ஒரு பக்கம் மேகத்தினின்று வெளிப்படும் செங்குத்தான பாறை. மறுபக்கம் தாழ்ந்த சூரியன். நடுவே கறுத்த சிறு படகு, அதனின்று எழும் புகை நீண்டு மேகத்தோடு கலந்துவிடுகிறது. அதை வாங்குவார் இல்லை. பதின்மூன்று வருஷம் அவர் வீட்டிலேயே கிடந்தது. 1845-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெனாக்ஸ் என்ற தனவந்தர், லெஸ்லி என்னும் சித்திரக்காரர் மூலமாக, கண்ணால் பாராமலே 500 பவுனுக்கு அதை வாங்கினார். அமெரிக்காவுக்குச் சென்ற டர்னரின் எண்ணெய்ச் சித்திரங்களில் அதுவே முதலாவது. பெட்டியைப் பிரித்தவருக்கு ஏமாற்றம்! எல்லாம் மங்கலாயிருக்கிறதே என்று அவர் குறைப்பட்டார். தெளிவின்மையே தம் குற்றமென்று டர்னர் ஒப்புக்கொண்டதாகச் செய்தி உண்டு. சொன்ன சொல் வேறாயிருக்கலாம் என்று வாதிப்போரும் உளர். சில நாட் பழகிய பிறகு லெனாக்ஸின் மனம் மாறிவிட்டது.

அடுத்தது டெமரேர். அந்தப் பெயரை அறியாத ஆங்கிலேயர் அரியர் என்னலாம். 98 பீரங்கிகள் தாங்கிய போர்க்கப்பல் அது. 1805-ம் வருஷம் அக்டோபர் 21-ல் டிரபால்கர் யுத்தத்தில், நெல்ஸன் இருந்த விக்டரி என்னும் கப்பலுக்கு நெருக்கடி நேர்ந்தபோது துணை நின்றது. பிறகு மெல்லமெல்லக் கைதிகளை அடைக்கவும், சாமான்களை வைக்கவும் பயன்படும் நிலைக்கு இறங்கி, 1838-ல் கடற்படை அதிகாரிகளால் 5,530 பவுனுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் ராதர்ஹைத் என்னுமிடத்தில் பழைய கப்பல்களை உடைத்து விற்கும் ஜான் பீட்ஸன். செப்டம்பர் 5, 6 தேதிகளில் இரண்டு நீராவி இழுவைப் படகுகள் அதைத் தேம்ஸ் நதியில் இழுத்துச் சென்றன. அப்போது அதற்குப் பாய்மரங்கள் இல்லை, முன்பே கழற்றியாயிற்று.

டர்னர் எழுதிய படத்திலோ மூன்று மரங்களும் நிற்கின்றன. வெண்மையும் பொன்னுமாய் ஆவி போல் மிதந்து வருகிறது அந்தப் பெருங்கப்பல். முன்னே இரண்டன்று, ஒரே இழுவைப் படகு. குட்டையாய், கறுப்பாய், குழாயின் வாயில் நெருப்பும் புகையும் விட்டுக்கொண்டு அதை இழுத்து வருகிறது. வலப்புறத்தில் சூரியன் இரத்தச் சிவப்பாய் அஸ்தமிக்கிறது. உண்மையில் நடந்ததற்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசங்களைப் பட்டியல் போட்டுக் காட்டியவர்கள் உண்டு. அவர் பத்திரிகை நிருபரல்லர் என்பதே நாம் கூறும் மறுமொழி. பழைய வீரக் கப்பலுக்காக அழுது, புதிய படகைப் பேயாக்கிக் காட்டினார் என்று இப்படத்துக்குப் பொருள் கூறுவது வழக்கம். நமக்கு அது முழுவதும் ஒப்பவில்லை. அந்தச் சிறு படகு தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது. அதன் சக்கரத்தால் எழும் நுரையை எவ்வளவு அருமையாக அவர் தீட்டியிருக்கிறார்! வெறுப்பவன் கை அப்படி எழுதாது.

1839-ல் இப்படம் கண்காட்சிக்கு வந்தபோது பாராட்டாதார் இல்லை. வாங்கப் பலர் முன்வந்தனர். டர்னர் விற்க மறுத்துவிட்டார். 1844-ல் அச்சுப் படம் எடுப்பதற்காக ஒரு முறை இரவல் கொடுத்தார். அதன்பின் எக்காரணத்தாலும் அதை வீட்டை விட்டு வெளியே அனுப்புவதில்லை என்று தீர்மானித்தார். கருமியின் பெட்டியிற் கிடந்த பொற்காசு போலன்று. மணமாக வேண்டிய மகளைத் தகப்பன் காப்பது போல் அதைக் காத்தார் என்னலாம்.

1841-ல் அவருடைய நண்பரும் சகோதரச் சித்திரக்காரருமான டேவிட் வில்கி, கிழக்கு தேசங்களில் யாத்திரை செய்து திரும்புகையில், ஓரியண்டல் என்ற நீராவிக் கப்பலில் ஜிப்ரால்டர் அருகே மரணமடைந்தார். சவத்தைக் கரையில் இறக்க அதிகாரிகள் அநுமதி தரவில்லை. கடலிலேயே அடக்கம் செய்தனர். அந்தக் கப்பலை நடத்திய பி. அண்டு ஓ. கம்பெனிதான் பின்னர் நம் நாட்டுக்குத் தபாலையும் துரைமார்களையும் கொண்டுவந்தது. அந்த ராத்திரியை டர்னர் எழுதினார்: நடுக்கடலில் தீவட்டி வெளிச்சம், அதன்மேல் மை போலக் கறுத்த பாய்கள். இவ்வளவு கறுப்பு இயற்கையில் உண்டோ என்று மற்றொரு சித்திரக்காரர் ஆட்சேபித்தபோது, இதைவிடக் கறுப்பு கிடைத்திருந்தால் அதையே தீட்டியிருப்பேன் என்ற கருத்துப்பட டர்னர் விடை தந்தார் என்பர்.

அதே 1842-ம் வருஷத்தில் பனிப்புயலிற் சிக்கிய நீராவிக் கப்பல் வந்தது. வானமும் கடலும் புகையும் ஒரே சுழலாய்ச் சுற்ற, நடுவே கப்பல் இருக்குமிடம் ஓர் ஒளிப்பொட்டால் மாத்திரம் தெரிகிறது. அப்புயலில் தம்மைப் பாய்மரத்தில் கட்டுவித்துக்கொண்டு நாலு மணி நேரம் நின்று பார்த்ததாக டர்னர் கூறினாரென்ற கதை புகழ்பெற்றது. அறுபத்தேழு வயதுக் கிழவர் இதைச் செய்திருப்பாரா? ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் ஐயுறுகின்றனர், நாமும் ஐயுறுகிறோம். படமோ கதையின் உதவியை வேண்டி நிற்கவில்லை. சோப்பு நுரையும் சுண்ணாம்புக் கரைசலும் என்று விமர்சகர்கள் எள்ளினர். அது அவருக்கு மிக்க வருத்தத்தை உண்டாக்கிற்று. கடல் எப்படி இருக்குமென்று இவர்கள் எண்ணுகிறார்களோ, இவர்களே அதில் இருந்திருக்க வேண்டும் என்று அவர் நொந்துகொண்டார்.

அவருக்காக வாளெடுத்த வாலிபர் ஒருவர் அடுத்த ஆண்டே தோன்றினார். அவர்தான் ஜான் ரஸ்கின். 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு ரயில் பிரயாணத்தின்போது எந்தப் புஸ்தகம் காந்தியடிகளின் வாழ்க்கையை மாற்றியதோ, அதன் ஆசிரியர் இவரே. அவருடைய முதற் பெரும் நூல் டர்னரை ஆதரித்து வாதிப்பதற்காகவே 1843-ல் தொடங்கப்பட்டது.

விலைக்குக் கேட்டவர்கள் அப்போதும் வந்துகொண்டேயிருந்தனர். திமிங்கில எண்ணெய் வியாபாரி பிக்னெல் வாங்கினார். எழுதுகோல் முனை செய்து உலகெங்கும் அனுப்பிய பர்மிங்ஹாம் ஜோஸப் கில்லட் வாங்கினார். நம் பாட்டன்மார் பள்ளிக்கூடத்தில் மைக்கூட்டிலே தோய்த்து எழுதிய கில்லட் நிப்பு அவருடையதே. ஆயினும் சில படங்களை எந்த விலைக்கும் டர்னர் தரவில்லை. குவீன் ஆன் தெருவில் அவரது வீட்டோடு சேர்ந்த சித்திரசாலையைப் போய்ப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கும் வர்ணனை மனத்தை உறுத்துவது. கூரைக் கண்ணாடி உடைந்து மழை உள்ளே வடிந்தது. சுவர்த்துணி கிழிந்து தொங்கியது. வேலைக்காரி ஹன்னா டான்பி வளர்த்த வாலில்லாப் பூனைகள் எங்கும் திரிந்தன. பல படங்களில் வர்ணம் வெடித்துப் பெயர்ந்தது. சேர்ப்பதில் இவ்வளவு வைராக்கியம் காட்டியவர் காப்பதில் இவ்வளவு அசட்டையாயிருந்தது எதனால் என்பதற்கு நமக்குத் திருப்தியான சமாதானம் கிடைக்கவில்லை. தாம் வைத்துவிட்டுப் போனாற் போதும், காக்கும் பொறுப்பைத் தேசம் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினார் போலும்.

கடைசி ஆண்டுகளில் செல்ஸியில் தேம்ஸ் கரையோரமாக ஒரு சிறு வீட்டில், மார்கேட்டில் தமக்கு விடுதியளித்த விதவையாகிய ஸோபியா பூத் என்ற அம்மையாரோடு, ஊரார் அறியாமல் வசித்தார். அக்கம்பக்கத்தார் அவரை ஓய்வு பெற்ற கடற்படைத் தலைவரென்று கருதி அட்மிரல் பூத் என்று அழைத்தனர். அவ்வீட்டிலேயே 1851 டிசம்பர் 19-ல் உயிர் நீத்தார். ஸெயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். க்ஷவரக் கடைக்காரர் மகனுக்கு அது பெரிய மரியாதை.

பெட்டி திறந்தது, உயிலும், அதற்குப் பல தடவை எழுதிச் சேர்த்த அநுபந்தங்களும் வெளிவந்தன. சொத்து ஏறக்குறைய 1,40,000 பவுன். அதன் பெரும்பகுதி, தள்ளாமையடைந்த ஏழைச் சித்திரக்காரர்களுக்கு ஒரு தர்மசாலை கட்டி நடத்துவதற்கென எழுதப்பட்டிருந்தது. இதற்காக டுவிக்கன்ஹாமில் நிலங்கூட வாங்கி வைத்திருந்தார். கந்தற் கோட்டு, கூலிக்குப் பேரம், ஒவ்வொரு ஷில்லிங்கும் எங்கே போயிற்றென்பது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. முடிந்த சித்திரங்கள் யாவும் தேசிய சித்திரசாலைக்கு; அவையனைத்தும் ஒன்றாக இருக்கும்படி டர்னர் சித்திரசாலை என்ற பெயரோடு தனிக் கட்டடமோ அறைகளோ அமைக்க வேண்டும்; அவற்றை ஜனங்கள் காண வேண்டும். ஏலத்தில் மீட்ட சூரியோதயப் படமும், கார்த்தேஜ் நகரை டைடோ ராணி நிருமிப்பதைக் காட்டும் படமும், பழைய பிரெஞ்சு மேதையான கிளாட் என்பவரின் இரு படங்களுக்கு அருகிலேயே தொங்கவேண்டும் என்பது தனி நிபந்தனை.

உறவினர்கள் உடனே கோர்ட்டுக்குச் சென்றனர். உயிருடன் இருந்தபோது எட்டிப் பாராத சிற்றப்பன் மக்களும் பிறரும், இறந்தவர் சித்தசுவாதீனமுள்ளவரா என்று கேட்டனர். எழுத்தின் வாசகம் குழப்பமானது என்றனர். சட்டப்படி தர்மசாலைக்கு எழுதியது செல்லாதென்று வாதித்தனர். நான்கு வருஷங்களுக்கு மேல் வியாஜ்யம் நடந்தது. 1856-ல் ஸமாதானமாகத் தீர்ப்பாயிற்று. பணம் உறவினர்களுக்கு, ராயல் அகாடமிக்கு 20,000 பவுன், அவர் கையால் எழுதிய அனைத்தும், முடிந்தவை முடியாதவை என்ற வேறுபாடின்றித் தேசத்துக்கு. அன்று எடுத்த கணக்கின்படி முடிந்த எண்ணெய்ச் சித்திரங்கள் 100, முடியாதவை 182, நீர்வர்ணங்களும் கோட்டுப் படங்களும் 19,049. ஏழைச் சித்திரக்காரர்களின் தர்மசாலை கட்டப்படவேயில்லை.

ஒரு தேசம் தன் பிரஜைகளுள் ஒருவனிடமிருந்து இவ்வளவு பெரிய கொடையை ஒரே நாளிற் பெற்றது அபூர்வம். பெற்றவர்கள் செய்தது யாது? 1857-58-ல் ரஸ்கின் தேசிய சித்திரசாலையின் அடித்தளத்தில் உட்கார்ந்து, தகரப் பெட்டிகளிற் கிடந்த ஆயிரக்கணக்கான தாள்களைப் பிரித்து ஒழுங்கு செய்தார். எலி கடித்தவையும், ஈரத்தில் உளுத்தவையும், இரண்டாகவும் நான்காகவும் மடித்துச் சுருட்டியவையும் எத்தனையோ. சித்திரங்களோ ஊர் ஊராய் அலைந்தன; முதலில் மார்ல்பரோ மாளிகை, அப்பால் தென் கென்ஸிங்டன். பத்து வருஷத்துக்குள் இடம் அமைக்காவிடில் கொடை ரத்தாகும் என்று உயிலிற் கண்டிருந்த நிபந்தனையை ஒருவர் நினைவூட்டியிராவிட்டால் இன்னும் அலைந்திருக்கும். 1861-ல் பிரபுக்கள் சபையின் கமிட்டியொன்று விஷயத்தை விசாரிக்க, கெடு முடியும் தறுவாயில் டிரபால்கர் சதுக்கத்திலே அவசரமாக ஓர் அறை ஒதுக்கினர். நிபந்தனையின் எழுத்து நிறைவேறிற்று என்று அதிகாரிகள் திருப்தியடைந்தனர்.

அதற்குப்பின் 1910-ல் டூவீன் என்ற வியாபாரியின் நன்கொடையால் டேட் சித்திரசாலையில் டர்னருக்கென ஒரு பக்கம் எழுந்தது. 1928 ஜனவரியில் தேம்ஸ் வெள்ளம் கரையுடைத்து அச்சாலையின் அடித்தளத்தை நிரப்பியது. பெட்டிகளில் இருந்த டர்னர் தாள்கள் நனைந்தன, நல்லூழால் பெரும்பாலும் உலர்த்திக் காப்பாற்றினர். முடியாத படங்கள் சில, தேசிய சித்திரசாலையின் நிலவறையில், அழுக்கேறிப் பழைய தார்ப்பாய்ச் சுருள்களென்று எண்ணத்தக்க நிலையில், உலக யுத்த காலம் வரையிற் கிடந்தன. அவருக்கெனத் தனிச் சித்திரசாலை கட்டியது 1987-ல்! கிளோர் என்ற தனவந்தர் குடும்பத்தின் பெயரால், டேட் சாலையின் பக்கத்தில். இறந்தவர் கேட்டு நூற்று முப்பத்தைந்து வருஷங்கள் கழிந்தன. அப்போதும் கட்டடத்தின்மேல் அவர் பெயர் இல்லை.

அவர் விற்றுவிட்ட கப்பல்களின் கதை இதனோடு ஒப்பிடத்தக்கது. ஸ்டாபாவின் படகு, கை மாறி மாறிக் கடைசியில் பால் மெல்லன் என்பவரால் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையின் பிரிட்டிஷ் கலைநிலையத்தை அடைந்தது. ஆழமற்ற நீரைக் குறித்து நீராவிப் படகுகளை எச்சரிக்கும் வாணங்களின் படம் 1840-ல் எழுதப்பெற்றது. அதுவும் அமெரிக்காவிலேயே, கிளார்க் கலைநிலையத்தில் இருக்கிறது. அப்படத்தைப் பார்த்து 1852-ல் அச்சிட்ட வர்ணப் பிரதியில் இரண்டு நீராவிப் படகுகள் காணப்படுகின்றன. இப்போது மூலத்தில் ஒன்றுதான் உண்டு. சேதமுற்றும், பலர் கையாற் பழுதுபார்க்கப்பட்டும் மற்றொன்று மறைந்தே போயிற்று. அசட்டையான சர்க்கார் அடித்தளம் பெரிதா, ஆசையுள்ள தனவந்தரின் சுவர் பெரிதா என்று ஒருவர் கேட்டால், விடை கூறுவது எளிதன்று. அடித்தளத்தில் இருந்தவற்றைப் பின்வந்த ஜனங்கள் உரிமையோடு கேட்டு வெளியே எடுக்க முடிந்தது என்ற ஒன்றை மாத்திரம் நாம் குறிப்பிடுகிறோம்.

சூரியோதயமும் டைடோவும் அவர் விதித்தபடியே கிளாட்டின் படங்களுக்கு அருகில், டிரபால்கர் சதுக்கத்துச் சாலையில் தொங்குகின்றன. டெமரேரும் அச்சாலையிலேதான். 2005-ல் பிரிட்டிஷ் வானொலி நடத்திய வாக்கெடுப்பில் அந்நாட்டிலுள்ள சித்திரங்கள் யாவற்றிலும் அதையே ஜனங்கள் முதலாவதாகத் தேர்ந்தனர். 2020-ல் வெளியான இருபது பவுன் நோட்டில் டர்னரின் முகத்தின் பின்னே அந்த இழுவைப் படகு புகைவிட்டுக்கொண்டு வருகிறது. பனிப்புயற் கப்பலும், வில்கியின் சவ அடக்கமும் டேட் சாலையைச் சேர்ந்தவை. இரண்டு சாலைகளுக்கும் இடையே அரைமணி நேர நடை தூரம். ஒரே கூரையின்கீழ் அவை இன்னும் வந்து சேரவில்லை.